முற்றத்துக் கோழி: பஞ்சமும் போரும் திரும்ப அழைத்த பறவை

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அதுவரை முட்டையைக் கடைப்பொருளாக மட்டுமே அறிந்திருந்த இலங்கைக் குடும்பங்கள் பல, வீட்டின் பின்வளவில் நாலைந்து கோழிகளை வளர்த்தால் என்ன என்று எண்ணத் தலைப்பட்டன. அதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியிருந்தது. யூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை விதித்தது. விதித்த விலைக்கு முட்டை கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது.

நெருக்கடி வரும்போது கோழியை நினைப்பதும், நெருக்கடி தணிந்ததும் கூட்டை விறகுக்கு உடைப்பதும் மனிதகுல வரலாற்றில் புதியவை அல்ல. அவ்வாறு ஆரம்பிக்கப்பட்ட முயற்சிகளில் எவை நிலைத்தன, எவை சில மாதங்களில் அழிந்தன என்பதை வரலாறு ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. முதன்முதலாகக் கோழி வளர்க்க எண்ணுவோர் பலர் எந்தக் கோழியை வாங்கலாம் என்ற கேள்வியோடு தொடங்குகின்றனர். வரலாறு எழுப்பும் கேள்விகள் வேறு. அது இரவில் எங்கே உறங்கும்? பகலில் எதை உண்ணும்? நோய் வந்தால் யார் பார்ப்பது? இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளையும் பின்தொடர முயல்கிறது.

காட்டிலிருந்து களத்துமேட்டுக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்பதை 1868 இல் வெளியான தமது நூலில் டார்வின் எடுத்துரைத்தார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியென்றே பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் 2008 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழிகள் பலவற்றில் காணப்படும் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என நிறுவியது. 2020 இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட கோழிகளின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தோர், தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகியன சந்திக்கும் பிரதேசத்தில் வாழும் செங்காட்டுக்கோழியின் கிளையினமே வீட்டுக்கோழியின் நெருங்கிய மூதாதை எனக் கண்டனர்.

கோழி வீட்டுக்கு வந்த காலம் பற்றியும் பழைய கருத்து மாறிவிட்டது. எண்ணாயிரம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனாவில் கோழி வளர்க்கப்பட்டது என்று ஒருகாலத்தில் எழுதப்பட்டது. 2022 இல் வெளியான ஆய்வு, அந்த எலும்புகளை மீண்டும் பரிசோதித்து அக்கூற்றை நிராகரித்தது. ஐயத்துக்கிடமின்றி வீட்டுக்கோழியுடையவை எனக் கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. இவ்வாய்வின் முக்கியமான முடிவு வேறொன்று. நெல்லும் தினையும் மழையை நம்பி விளைவிக்கப்பட்ட வயல்களும், அவற்றையொட்டிய தானியக் களஞ்சியங்களுமே காட்டுக்கோழியை மனிதனிடம் இழுத்து வந்தன என்பதே அது. அதாவது, மனிதன் கோழியைத் தேடிக் காட்டுக்குப் போகவில்லை. சிந்திய தானியத்தைத் தேடிக் கோழிதான் களத்துமேட்டுக்கு வந்தது.

இந்தப் பிறப்பு வரலாறு இன்றைய வளர்ப்போனுக்கும் பயன்படும். கோழி ஒரு காட்டோரப் பறவை. இரவில் மரக்கிளையில் ஏறி உறங்கியதால் அதற்கு இன்றும் உயரமான தடி வேண்டும். நிலத்தில் படுக்கவைத்தால் அது அமைதியடைவதில்லை. மூங்கிற் புதரின் நிழலில் வாழ்ந்ததால் திறந்த வெயில் அதற்கு ஆகாது. சருகைக் கிளறி உண்டு பழகியதால் கிளறுவதற்கு மண் வேண்டும். மறைவிடத்தில் முட்டையிட்டதால், கூட்டில் ஒரு இருண்ட மூலை இல்லாவிட்டால் வேலியோரப் பற்றைக்குள் முட்டையிடும். நமது தீவுக்கே உரிய இலங்கைக் காட்டுக்கோழி, நாட்டின் தேசியப் பறவை, இப்பண்புகள் யாவற்றையும் இன்றும் காட்டில் கண்முன் காட்டிக்கொண்டிருக்கிறது.

சங்கப் பாடல்களில் ஒரு கோழிக்கூடு

தமிழரின் பழைய இலக்கியத்தில் கோழி முருகனின் கொடியில் பறப்பதையும், உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியதையும் யாவரும் அறிவர். போர் செய்யும் சேவலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. முட்டையிடும் பேடையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அது சங்கப் பாடல்களில் மிகவும் இயல்பான இடத்தில், வீட்டு முற்றத்திலே நிற்கிறது. தொல்காப்பிய மரபியல் பெண் கோழிக்கு அளகு என்ற தனிச்சொல்லையே வைத்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் தம்மை நாடிவரும் பாணருக்கு வெண்ணெற் சோற்றுடன் வீட்டில் வளர்ந்த அளகின் பொரியலையும் தருகின்றனர். பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். புலவர் நகரின் செல்வத்தைச் சொல்ல வந்தார். நமக்கோ, பெருந் துறைமுகப் பட்டினத்திலும் வீட்டு முற்றத்தில் கோழி அவிழ்த்துவிடப்பட்டிருந்தது என்ற செய்தி கிடைக்கிறது.

இவற்றினும் நுட்பமானவை இரண்டு பாடல்கள். குறுந்தொகையின் 139 ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனைக் கூட்டத்தைக் கண்ட வீட்டுக்கோழி, குஞ்சுகள் ஒன்றுசேர வேண்டுமென்று பதறிக் கூவுவதை உவமையாக்குகிறார். புறநானூற்றின் 326 ஆம் பாடலில், இரவில் வெருகுக்கு அஞ்சித் தொண்டை நோகக் கத்தும் இளம் பேடை, பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. இரு பாடல்களிலும் பொழுது இருட்டு, பகை பூனை. கோழி வளர்ப்பின் முதலாவது பாடம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்றால் அது மிகையன்று. வெருகு என்ற சொல்லை நாம் மறந்துவிட்டாலும், மரநாயும் கீரியும் காட்டுப்பூனையும் இன்றும் அதே வேலியோரத்தில்தான் காத்திருக்கின்றன. புதிதாக வளர்ப்போர் முதல் மாதத்தில் இழக்கும் கோழிகளில் கணிசமானவை ஒரே இரவில் இழக்கப்படுபவை என்பதைக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வர்.

கூடு பற்றிய பழைய அறிவு

கோழிக்கூட்டின் அமைப்பை விரிவாக எழுதிவைத்த பழைய ஆசிரியர்களில் உரோமானியரான கொலுமெல்லா முக்கியமானவர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் அவர் எழுதிய வேளாண்மை நூலின் எட்டாம் பகுதி வீட்டுப் பறவைகளுக்கு ஒதுக்கப்பட்டது. கூடு, குளிர்காலச் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருக்க வேண்டும். அடுப்பின் புகை சென்று சேரும்படி சமையற்கூடத்தை அடுத்திருக்க வேண்டும். ஒருவரால் இருநூறு கோழிகளுக்கு மேல் பராமரிக்க இயலாது என்பன அவர் கூறும் விதிகளுட் சில. புகை கோழிக்கு நல்லது என்று அவர் ஏன் சொன்னார் என்பதைக் கோழிப்பேன் பிடித்த கூட்டைக் கண்டவர் உடனே விளங்கிக்கொள்வர்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் கொலுமெல்லாவைப் படித்தவர் எவருமில்லை. எனினும் அடுக்களைக்குப் பக்கத்திலே, காலையில் வெயில் படவும் நடுப்பகலில் மாமரத்தின் அல்லது முருங்கையின் நிழல் விழவும் பார்த்தே கூடு வைக்கப்பட்டது. பனஞ்சலாகையும் பழைய பலகையும் கொண்டு செய்த கூடு, நான்கு கால்களில் நிலத்திலிருந்து உயர்ந்து நின்றது. அடித்தட்டில் சலாகைகளுக்கிடையே விரற்கடை இடைவெளி இருந்தது. எச்சம் கீழே விழுந்தது. காலையில் அதைக் கூட்டி வாழையடியிலும் கத்தரிப் பாத்தியிலும் போட்டனர். கூரை கிடுகினால் அல்லது பனையோலையால் வேயப்பட்டது. பொழுதுபடும் வேளையில் கோழிகள் தாமாகவே ஏறின. வீட்டுப் பெண் ஒருத்தி எண்ணிப் பார்த்துக் கதவை அடைத்தாள். இந்த எண்ணிப் பார்த்தல்தான் முழு முறையின் அச்சாணி எனலாம்.

இக்கோழிகளின் வருமானமும் அப்பெண்ணுடையதே. வயலும் தோட்டமும் ஆணின் கணக்கில் இருந்த வீடுகளிலும் முட்டைக்காசு வீட்டுக்காரியின் முடிச்சில் இருந்தது. பிள்ளையின் கொப்பிக்கும் கோயில் அருச்சனைக்கும் அந்தக் காசு போயிற்று. பிள்ளை பெற்றவளுக்கும், பருவமடைந்த பெண்ணுக்கும், நோயிலிருந்து எழும்பியவருக்கும் ஊர்க்கோழி முட்டை மருந்தாகக் கருதப்பட்டது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுக்கும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. சைவ ஆசாரம் கடுமையாகப் பேணப்பட்ட வீடுகளில் கோழிக்கு இடமில்லாதிருந்ததும் உண்மை. எனினும் ஊரில் அத்தகைய வீடுகளுக்கு அப்பால் பெரும்பாலான வளவுகளில் கோழி கிளறிக்கொண்டே இருந்தது.

கோழி மோகம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோழி இதே போன்ற அடுக்களைப் பறவையாகவே இருந்தது. 1840களில் சீனாவிலிருந்து பிரித்தானியாவுக்குச் சென்ற பெரிய உடலும் அடர்ந்த இறகும் கொண்ட கோழிகள் விக்ரோறியா மகாராணியின் கவனத்தைக் கவர்ந்தன. மகாராணி வளர்க்கிறார் என்றதும் நாடே வளர்க்க விரும்பியது. 1849 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பின்னர் அங்கும் அந்தக் காய்ச்சல் பரவியது. சோடிக் கோழிகள் நம்பமுடியாத விலைகளுக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் விலை சரிந்தது. அந்த வியாபாரத்தில் தாமும் கொழுத்த லாபம் கண்ட ஜோர்ஜ் பேர்ணம் என்பவர், 1855 இல் கோழிக் காய்ச்சலின் வரலாறு என்ற பொருளில் ஒரு நகைச்சுவை நூலையே எழுதி வெளியிட்டார்.

இம்மோகத்தால் நன்மை விளையாமலும் இல்லை. இனங்களைப் பிரித்துப் பேணும் பழக்கமும் கலப்பின முயற்சிகளும் அதன் பின்னரே வலுப்பெற்றன. இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை லெக்ஹோர்ண் முட்டைக்கும், றோட் ஐலண்ட் றெட் முட்டை, இறைச்சி இரண்டுக்கும் பேர்பெற்றன. 1844 இல் இங்கிலாந்தின் நோர்விச் நகரில் சார்ள்ஸ் பாணாட் என்ற இரும்பு வியாபாரி, துணி நெய்யும் பொறியைப் பின்பற்றிக் கம்பிவலை பின்னும் பொறியை அமைத்தார். அறுகோணக் கண்களைக் கொண்ட கோழிவலை அவ்வாறு உலகெங்கும் பரவியது. அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கும்; மரநாயை வெளியே வைத்திருக்காது என்பதை வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டும். இரவுக் கூட்டுக்கு அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள தடித்த வலையே ஏற்றது.

ஆடம்பர இனங்களை அதிக விலை கொடுத்து வாங்கிச் சோடி சோடியாய் விற்று இலாபம் ஈட்டலாம் என்னும் ஆசை இன்றும் அவ்வப்போது தலைதூக்குகிறது. 1855 இல் எழுதப்பட்ட கதை அதற்குப் போதிய விடை.

இரண்டு போர்களும் ஒரு தவறிய கட்டளையும்

முதலாம் உலகப்போரில் இறங்கிய அமெரிக்கா, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு பேடுகள் என்ற கணக்கில் பின்வளவிற் கோழி வளர்க்குமாறு சுவரொட்டிகள் மூலம் மக்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியா மேலும் ஒழுங்கான முறையொன்றைக் கைக்கொண்டது. கடை முட்டை ஆளுக்கு வாரம் ஒன்று என்ற அளவில், அதுவும் கிடைத்தால், வழங்கப்பட்டது. கோழி வளர்ப்போர் தமது முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகக் கோழித் தீவனத்தைப் பெறலாம். அத்தீவனத்தை வீட்டுக் கழிவுகளுடனும் உருளைக்கிழங்குத் தோலுடனும் கலந்து அவித்துக் கொடுத்தனர். முட்டைப் பங்கீடு 1953 வரை நீடித்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் இங்கு நோக்கத்தக்கது. கோழியைக் கொடுத்துவிட்டு மக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவ்வரசு சொல்லவில்லை, தீவனத்துக்கு வழிசெய்தது. கோழி வளர்ப்பின் செலவில் மிகப்பெரும் பங்கு தீவனமே. வீட்டுக் கழிவு மாத்திரம் கொடுத்து நாள்தோறும் முட்டை எதிர்பார்க்க முடியாது. முழுத் தீவனத்தையும் கடையில் வாங்கினால் முட்டையைக் கடையில் வாங்குவதைவிடப் பெரிதாக இலாபம் இராது. இரண்டுக்கும் இடையிலுள்ள வழியை அன்றைய பிரித்தானியக் குடும்பங்கள் கண்டுகொண்டன.

இரு போர்களுக்கும் இடையில் இன்னொரு சம்பவம் நடந்தது. 1923 இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் செசில் ஸ்ரீல் என்ற இல்லத்தரசி வீட்டு முட்டைத் தேவைக்காக 50 குஞ்சுகளுக்குக் கட்டளை கொடுத்தார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. எஞ்சிய 387 கோழிகளை இறைச்சிக்கு விற்றார். இலாபத்தைக் கண்டு அடுத்த ஆண்டு ஆயிரம் வாங்கினார். சில ஆண்டுகளில் 10,000 கோழிகளுக்கு இடங்கொடுக்கும் கொட்டகை எழுந்தது. இன்றைய புரொய்லர் தொழில் அந்த வளவிலிருந்து தொடங்கியது என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. முட்டைக்காசைத் தன் முடிச்சில் வைத்திருந்த பெண்ணின் பறவை, அரை நூற்றாண்டுக்குள் பெருங் கம்பனிகளின் பண்டமாயிற்று.

இலங்கையிலும் 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் அதே பாதையே பின்பற்றப்பட்டது. பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் செறிந்தன. முட்டை மலிந்தது, ஏழைக்கும் எட்டியது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மலிவு சோளத்தின்மேல் நின்றது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் சோள விளைச்சல் சரிந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி இல்லாமற்போனதும் தீவனத்தை வெளியிலிருந்து வாங்கவும் இயலவில்லை. பண்ணையாளர் பலர் கோழிகளை இறைச்சிக்கு விற்றுவிட்டுக் கொட்டகையை மூடினர். 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, பழுப்பு முட்டைக்கு 45 ரூபா என விலை நிர்ணயிக்கப்பட்டபோது உற்பத்திச் செலவு அதைத் தாண்டிவிட்டது என்று அவர்கள் வாதிட்டனர். உரத்தில் எடுத்த ஒரு முடிவு, ஒன்றரை ஆண்டில் பிள்ளையின் காலை உணவுத் தட்டை வந்தடைந்தது.

போர்க்காலத்து வளவுகள்

வடபுலத்து மக்களுக்கு இத்தகைய அனுபவம் 2022 இல் முதன்முதலாக வரவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்தது. எரிபொருள், உரம், மின்கலம் முதலியன தடைப்பட்டியலில் இருந்தன. வெளியிலிருந்து வரும் தீவனத்தையும் மின்விளக்கின் சூட்டையும் நம்பிய வளர்ப்பு முறைக்கு அந்நாட்களில் இடமிருக்கவில்லை. ஊர்க்கோழி மட்டும் தாக்குப்பிடித்தது. அதற்கு மின்விளக்கின் சூடு தேவைப்படவில்லை. தாய்க்கோழி 21 நாள் அடைகிடந்து பொரித்துச் சிறகுக்குள் வைத்து வளர்த்தது. குறுணலும் தவிடும் தேங்காய்ப்பூச் சக்கையும் புற்றிலிருந்து வெட்டிவந்த கறையானும் அதற்குப் போதுமாயிருந்தன. ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைகளே இடும் அந்தப் பறவையை, முந்நூறு முட்டையிடும் பண்ணைக்கோழியுடன் ஒப்பிட்டு ஏளனம் செய்தவர்கள், அந்த ஆண்டுகளில் அதன் பெறுமதியை உணர்ந்தனர்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கூடுகள் திறந்துவிடப்பட்டன. கோழியைக் காவிச் செல்ல எவராலும் முடியவில்லை. 2009 வரை வன்னியில் இடம்பெயர்வு மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் ஓரிடத்தில் சில மாதங்கள் தரித்ததும் முதலில் தோன்றியவற்றுள் ஒன்று, மரக்கொம்பில் தறப்பாள் கட்டிய ஒரு சிறு கோழிக்கூடு. ஒரு குடும்பம் இங்கே சிறிது காலம் இருப்போம் என்று நம்பத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடைபெற்றபோது, கணவனை இழந்த பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் பல திட்டங்களின்கீழ் வழங்கப்பட்டன. நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. சில இடங்களில் அது நற்பயனும் தந்தது. ஆனால் செய்தி சேகரிப்பதற்காக அப்பகுதிகளுக்குச் சென்றபோது கேட்ட கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. குஞ்சுகள் பெருந்தொகையாக ஒரே நாளில் வந்தன. கூடு பின்னர் வந்தது. வந்த கூட்டுக்குத் தகரக் கூரை. வன்னியின் வெயிலில் நண்பகலில் அதற்குள் கைவைக்க முடியாது. கிடைத்தவை தீவனத்தை நம்பிய கலப்பினக் குஞ்சுகள்; கொடுத்த தீவனமோ சில வாரங்களுக்கு மட்டுமே. தடுப்பூசி போட வரவேண்டியவருக்கு வர வாகனம் இல்லை. ஆறு மாதத்தில் எத்தனை கோழிகள் எஞ்சின என்பதை எவரும் திரும்பிவந்து எண்ணவில்லை. வழங்கப்பட்ட தொகை மட்டுமே அறிக்கையில் ஏறியது. தம்மால் ஒரு கோழியைக்கூட வளர்க்க முடியவில்லையே என்று அப்பெண்களுட் சிலர் தம்மையே நொந்துகொண்டதுதான் இதில் மிகவும் வேதனையானது. தவறு அவர்களுடையதன்று. கூடு, தீவனம், மருந்து என்ற வரிசை தலைகீழாக்கப்பட்டதே தவறு.

மூன்றாவது கேள்வி

கோழிகளை ஒரு வாரத்தில் முற்றாகக் கொன்றுவிடும் நோயொன்று 1920களின் பிற்பகுதியில் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், இந்தியாவின் ரானிக்கெட் என்ற மலை நகரிலும் அடுத்தடுத்து அடையாளங்காணப்பட்டது. நியூகாசில் நோய் என்று உலகமும் ரானிக்கெட் என்று நமது பிரதேசமும் அழைப்பது ஒரே வைரஸ் நோயைத்தான். பச்சைநிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகுதல் என்பன அதன் குறிகள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. ஊர்க்கோழிக்கு நோய் வராது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இந்நோயைப் பொறுத்தவரை அது பிழை. குஞ்சுப் பருவத்தின் முதல் வாரத்திலேயே தடுப்பு மருந்து தொடங்கப்பட வேண்டும். பின்னர் உரிய இடைவெளியில் மீண்டும் கொடுக்கப்பட வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்தால் அட்டவணையைச் சொல்வர். கோழி வாங்குமுன் அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

இனி, இவ்வரலாற்றை மனதிற்கொண்டு ஒரு குடும்பம் முதற்கூட்டைத் திட்டமிடுவதாயின் எவ்வாறு திட்டமிடலாம்?

ஆறு பேடுகள் போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க விரும்பினால் மட்டுமே தேவை. அயல்வீடு நெருங்கியிருப்பின் விடியற்காலைக் கூவல் உறவைக் கெடுக்கும். ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி என்று கொண்டால் ஆறு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள கூடு ஆறு கோழிகளுக்கு இடங்கொடுக்கும். பகலில் வேலிக்குள் கிளறித் திரிய ஒவ்வொன்றுக்கும் பத்துச் சதுர அடியாவது இருத்தல் வேண்டும். கூடு நிலத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயர்ந்திருக்கட்டும். உறங்குவதற்குக் கோழியொன்றுக்கு எட்டு அல்லது பத்து அங்குலத் தடி. முட்டையிட ஓரடிச் சதுரமான, வைக்கோலிட்ட இரு இருண்ட பெட்டிகள். நமது வெப்பத்தில் குளிரையல்ல, காற்றோட்டத்தையே எண்ண வேண்டும். கோழிக்கு வியர்ப்பதில்லை; வாயைத் திறந்து இளைத்தே சூட்டைத் தணிக்கிறது. ஆகவே தகரத்தைவிடக் கிடுகு நல்லது. தகரமே கிடைத்தால் அதன்மேல் ஓலை பரப்புதல் நல்லது. கால்களை எண்ணெய் ஊற்றிய தகரப் பேணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தீவனக் கணக்கைக் கோழி வாங்குமுன் எழுதிப் பார்க்க வேண்டும். முட்டையிடும் கலப்பினக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணும். ஆறு கோழிகளுக்கு மாதம் 20 கிலோ. நன்கு பராமரித்தால் அவை மாதம் 140 முட்டைகள் வரை தரலாம். ஆறு ஊர்க்கோழிகள் மாதம் முப்பது முட்டைகளே தரும். ஆனால் அவை உணவின் பெரும்பங்கைத் தாமே தேடிக்கொள்ளும், தாமே குஞ்சும் பொரிக்கும். கடைத் தீவனம் தடையின்றிக் கிடைக்கும் நகரத்தவருக்கு முன்னையது பொருந்தலாம்; வளவுள்ள கிராமத்தவருக்குப் பின்னையது. இரண்டிலும் மூன்று மூன்றாகத் தொடங்கி ஓராண்டு பார்ப்பதில் தவறில்லை. அரைத்த சிப்பித்தூள் முட்டையோட்டுக்கு வேண்டியது. தண்ணீர் தீவனத்தைப்போல் இருமடங்கு, வெயிற்காலத்தில் அதற்கும் மேல் வேண்டும், நிழலிலே வைக்கவேண்டும். நகரசபை, பிரதேசசபை எல்லைக்குள் வாழ்வோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதிமுறைகளைக் கேட்டறிதல் பின்னாளைய பிணக்குகளைத் தவிர்க்கும்.

இவ்வளவும் ஆயத்தமான பின்னரே கோழி வரட்டும். கூடு கட்டி, ஒரு வாரம் இரவில் அதைச் சுற்றிப் பார்த்து, எந்த இடைவெளியால் கீரி நுழையலாம் என்று சோதித்து, தீவனப் பை ஒன்றையும் வாங்கிவைத்து, அதன்பின் சந்தைக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம் தாமதமாகுமே என்று பொறுமையிழக்கத் தேவையில்லை.

பின்வளவுக் கோழி நாட்டின் உணவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று சொல்வது மிகை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பண்ணைகள் வேண்டும். பண்ணைகளுக்குச் சோளம் வேண்டும். அதற்கு உரமும் நிதானமான கொள்கையும் வேண்டும். அப்பொறுப்பைக் குடும்பத் தலைவியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு அரசு விலகிக்கொள்ள முடியாது. ஆயினும் கொள்கைகள் பிழைத்த ஒவ்வொரு முறையும், ஒரு பிள்ளையின் தட்டில் வாரம் இரண்டு முட்டைகளாவது விழுந்தனவென்றால், அவை பெரும்பாலும் இந்தச் சிறு கூடுகளிலிருந்தே விழுந்தன. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. முட்டை மலிவாகக் கிடைக்கும் காலமே கூடு கட்டக் கற்றுக்கொள்வதற்கு உகந்த காலம். பட்டினி வந்தபின் கற்றுக்கொள்ளத் தொடங்கியோர் கற்றதைவிட இழந்ததே அதிகம்.